நுரையாற்றுக்கு ஒரு டோரி: விலாச்சட்டமா, எபாக்சித் தையலா?

பாறையும் சுழலும் உள்ள ஆற்றுக்கு வீட்டிலேயே ப்ளைவுட் டோரி, அதாவது தட்டையான அடியுள்ள துடுப்புப் படகு, கட்ட நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பழைய வழியில் விலாச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, பக்கப்பலகைகளை வளைத்து அவற்றோடு ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். மற்றதில் சட்டமே இல்லை. பலகைகளை வடிவத்துக்கு அறுத்து, விளிம்பில் துளையிட்டு, செம்புக்கம்பியால் தைத்து, மூலைக்குள் எபாக்சிக் களிம்பை (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) அப்பி, மேலே ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டுவார்கள். நான் கட்டியது விலாச்சட்டப் படகு. தையல் படகில் எனக்குள்ள பழக்கம், நண்பர் ஒருவருக்குக் கூடமாட நின்றதோடு சரி. என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

எல்லோரும் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன். தையல் படகு எடை குறைவு, ஒழுகாது, தச்சுப் பழக்கம் இல்லாதவரும் கட்டலாம். விலாச்சட்டத்தில் ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும் தனித்தனிச் சாய்வில் இழைக்க வேண்டும். அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. மரைன் ப்ளைவுட் இரண்டுக்கும் வேண்டும். செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்: இங்கே நல்ல மரத்துக்குப் போவது அங்கே எபாக்சிக்குப் போகும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது நேரம். மொத்த நேரம் இல்லை, துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரம். ஆற்றுக்குப் போகிறவன் படகு கட்டுவது ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவில்தான். எபாக்சிக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. கலந்த கிண்ணம் கொஞ்ச நேரத்தில் சூடாகி இறுகிவிடும். ஒரு பூச்சு முழுதாகக் காய்வதற்குள் அடுத்ததைப் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும். பாதியில் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போய்த் திரும்பினால், பல எபாக்சிகளில் மேலே மெழுகு போல ஒரு வழவழப்புப் படிந்திருக்கும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அதன்பிறகு உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகைப் பரப்புவதுதான் மிச்சம். குளிர் காலமென்றால் இறுகவே நாளாகும். சட்டப் படகு யாரையும் அவசரப்படுத்தாது. நாலு ஸ்க்ரூ போட்டுவிட்டுக் கிளம்பலாம். திரும்பி வந்து ஐந்தாவதைப் போடலாம்.

கட்டும்போதாவது இது வெறும் சலிப்பு. பாறையில் அடிபட்டு வந்த பிறகுதான் வித்தியாசம் முழுதாகத் தெரியும். தையல் படகில் ஓட்டை விழுந்தால், புதுத் துண்டு ஒட்டுவதற்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பலகையின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது வழக்கமான கணக்கு. 6 மில்லிமீட்டர் பலகைக்கு ஓட்டையின் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர். அந்த மரம் நன்றாக உலர்ந்திருக்கவும் வேண்டும். ப்ளைவுட்டின் அடுக்குகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், வெளியே தொட்டுப் பார்க்கும்போது காய்ந்த மாதிரிதான் இருக்கும். எபாக்சி பூசிய இரு முகங்களுக்கு நடுவே மாட்டிய ஈரம் சுலபத்தில் வெளியேறாது. அடுத்த பயணத்துக்குக் குறித்த தேதி அதுவரை காத்திருக்காது.

சட்டப் படகில் உடைந்த இடத்தைச் சதுரமாக அறுத்து எடு, உள்ளே ஒரு தாங்கு பலகை வை, ஈரத்திலும் பிடிக்கிற பாலியூரித்தேன் சீலண்ட் தடவி ஸ்க்ரூவால் முடுக்கு, தீர்ந்தது வேலை. அழகாக இருக்காது, ஆனால் மிதக்கும். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் வெளிமூலையில் அறைகிற காப்புக்கட்டை தேய்வதற்கென்றே இருப்பது. அதைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்ட ஒரு பகல் போதும். முழு அடிப்பலகையையே மாற்றினாலும் படகின் வடிவம் குலையாது, சட்டங்கள் பிடித்துக்கொள்ளும். 1983-இல் அமெரிக்காவில் கொலராடோ ஆறு ஓடும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு முழுவதையும் 37 மணி நேரத்துக்குள் துடுப்பால் கடந்த டோரி, அதற்கு முன் மோதிச் சிதைந்து, கைவிடும் நிலையிலிருந்து மீட்டுத் திரும்பக் கட்டப்பட்ட மரப்படகுதான்.

இனி என் படகின் குறை. சட்டம் அடியைத் தொடும் மூலையில் மணல் சேரும்; மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அழுகல் அங்கேதான் தொடங்கும். சட்டங்களின் அடியில் விட்டிருக்கும் நீர்வழித் துளைகளை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்பும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். அணியத்தை (முன்முனையை) தூக்கி வைத்து, அமரத்து (பின்முனை) பக்கமாகக் குழாய்த் தண்ணீரை வழிய விட்டு, தார்ப்பாய் மரத்தில் ஒட்டாதபடி காற்று விட்டு மூடுகிறேன். இந்த வேலை தையல் படகில் பாதிகூட இல்லை. உள்ளே ஒரு துடை, அவ்வளவுதான். பராமரிப்பில் சோம்பல் உள்ளவருக்கு நான் சொன்ன அத்தனை நியாயமும் தலைகீழாகிவிடும்.

இருபது வருடம் கழித்து எது நிலைக்கும் என்று என் படகை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு அவ்வளவு வயதாகவில்லை. முழுக்க ஃபைபர்கிளாஸ் போர்த்திய தையல் அடிப்பாகம் பாறையில் உரசுவதை என்னுடையதைவிட நன்றாகவே தாங்கலாம். நண்பரின் படகு இதுவரை பெரிய அடி வாங்கியதில்லை. ஆறு மாதம் ஆற்றில் தண்ணீர் இல்லாமல், கொட்டகையில் வெதுவெதுப்பும் இருந்தால் தையலுக்கே போங்கள். வருடம் முழுக்க ஆற்றுக்குப் போய்வந்துகொண்டே கட்டுவதென்றால், சட்டங்களுக்கு நல்ல மரம் தேடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.