மரமா, அலுமினியமா? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அமைப்பில் எதற்கு முதல் இடம்

போட்டித் தரத்தில் ஒரு ஏர் ரைஃபிளைத் தன் உடம்புக்கு ஏற்ப அமைக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பேரல் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளலாம். ஏன் என்பதற்கு இலக்குத் தாளே கணக்குச் சொல்லும்.

10 மீட்டர் இலக்கில் 10-ஆம் வளையம் என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. ரைஃபிள் சுடும் சிறு குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. ஆகவே பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகினாலும் மதிப்பெண் 10.0. ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் ஒரு தசமம் (0.1 மதிப்பெண்) ஏறும் அல்லது இறங்கும். 10.9 வேண்டுமானால் விலகல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பொருத்தமான பெல்லட்டுடன் கிளாம்பில் பிடித்துச் சுட்டால், நல்ல மேட்ச் ரைஃபிளின் பத்து பெல்லட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 5.5 மி.மீ. அகலமுள்ள ஒரே ஓட்டையைப் போடும். அதாவது பெல்லட்டுகளின் மையங்கள் 1 மி.மீ.க்குள் சிதறுகின்றன. குறிபார்க்கும் சைட் சரியாக இருந்தால் துப்பாக்கியால் மட்டும் வரும் பிழை எந்தக் குண்டையும் 10.7-க்குக் கீழே இறக்காது. 9.8 விழுந்தால் காரணம் பேரலுக்குப் பின்னால் நிற்கிறது.

அதனால் என் வரிசை இது: ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் படும் உடல் பகுதி), பெல்லட், சைட், டிரிகர். புது பேரல் பட்டியலிலேயே இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் போன்ற ஸ்பிரிங் ரைஃபிள்களில், சுடும்போது (பேரலும் சுடும் பொறியும் சேர்ந்த) மொத்த ஆக்‌ஷனும் தண்டவாளத்தில் பின்னோக்கி நழுவி உதைப்பை விழுங்கிவிடும். இன்றும் நன்றாகச் சுடும். ஆனால் பிஸ்டன் ஓடிக் காற்று அழுத்தம் பெறும்வரை பெல்லட் நகராது. அந்த இடைவெளியில் கை ஆடினால் அதுவும் தாளில் பதியும். அதே நிறுவனத்தின் 600 வரிசை ஒரே தடவை லீவரை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாமலே வேகம் சீராக இருக்கும், சிலிண்டரும் கிடையாது. குறை என்னவென்றால் போட்டியின் 60 குண்டுக்கும் 60 தடவை லீவர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நிற்கும் நிலை கலையும்.

முன்கூட்டியே அழுத்திய காற்றுச் சிலிண்டர் உள்ள பி.சி.பி. வகையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பதிலுக்கு ரெகுலேட்டரைக் கண்காணிக்க வேண்டும். மேட்ச் ரைஃபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில் இருக்கும். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் ஏறக்குறைய 18 மி.மீ. கீழே விழுகிறது. வேகம் 1 மீட்டர் மாறினால் அந்த விழுச்சி 0.2 மி.மீ. மாறும், கிட்டத்தட்ட ஒரு தசமம். வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் 20 குண்டு சுட்டு, மிக உயர்ந்ததற்கும் மிகக் குறைந்ததற்கும் 3 மீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதி. பத்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு முதல் குண்டு மட்டும் வேகமாகப் போய் மேலே விழுகிறதா? ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறுகிறது. சைட்டைத் திருகித் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. சீலை மாற்ற வேண்டும்.

மர ஸ்டாக்கும் அலுமினிய ஸ்டாக்கும்

உண்மையான போட்டி இங்கேதான். பலர் இதை உறுதித்தன்மைக்கான தேர்வாக நினைக்கிறார்கள். இரண்டுமே தேவைக்கு அதிகமான உறுதி உள்ளவை. 10 டிகிரி வெப்பம் ஏறினால் 700 மி.மீ. நீள அலுமினியச் சட்டம் 0.16 மி.மீ. நீளும். மரம் நீளவாக்கில் அதைவிடக் குறைவாகவே நீளும், ஆனால் ஈரப்பதத்தில் குறுக்குவாட்டில் உப்பும். அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட் ஸ்டாக்கில் ஒரு அடுக்கை இன்னொன்று பிடித்துக்கொள்வதால் அந்த உப்பலும் கட்டுக்குள் இருக்கும். மழைக்காலத்தில் ஆக்‌ஷன் ஸ்குருவின் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பேரல் எதிலும் படாமல் தனியாக நிற்பதால், இந்த அளவு அசைவு தாளில் தெரிவது அரிது.

வித்தியாசம் சரிசெய்வதில் இருக்கிறது. அலுமினிய ஸ்டாக்கில் எல்லாம் நகரும்: தோளில் பதியும் பட்பிளேட் மேலும் கீழும், பக்கவாட்டிலும், சாய்விலும், கன்னம் படும் சீக்பீஸ் நான்கு திசையிலும், கைப்பிடியான கிரிப் முன்னும் பின்னும், சுழற்சியிலும், கையைத் தாங்கும் ஃபோர்எண்ட் கட்டை உயரத்திலும் நீளத்திலும். மரத்தில் பட்பிளேட்டும் சீக்பீஸும் மட்டும் பெரும்பாலும் நகரும், மற்றவை அரத்துக்கும் புட்டிக்கும் வேலை. அரம் போட்ட இடத்தை மறுபடி வளர்க்க முடியாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும், நிற்கும் நிலை இன்னும் தீராதவர்களுக்கும் அலுமினியம்தான். ஒரே நிலையில் பல பருவம் சுட்டுவிட்டவருக்கு மரம் குறைவே இல்லை. குளிரில் கன்னத்தில் சில்லிடாது, சுட்ட அதிர்வையும் மென்மையாக்கித் தரும்.

அலுமினியத்தின் ஆபத்தும் அதே நகர்வுகள்தான். ஒவ்வொரு திருகும் ஒரு தப்பிக்கும் வழி. 9.6 விழுந்த உடனே ஆலன் கீயைத் தேடும் பழக்கம் வந்தவர், நான்காவது மாற்றத்துக்குப் பிறகு எது எதைச் செய்தது என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன்பின் குறைந்தது 20 குண்டு, அளவை எழுதிவைத்தல். இந்த மூன்றையும் கடைப்பிடிக்காதவருக்கு மர ஸ்டாக் மறைமுகமாக நன்மை செய்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: திருகுகள் தளரும். பட்பிளேட் 1 மி.மீ. இறங்கினால் ரைஃபிள் தோளில் 1 மி.மீ. உயரும், கன்னம் அழுத்தும் இடம் மாறும், காரணம் தெரியாமல் குண்டுகள் மேலும் கீழும் விழும். சரியான இடம் கிடைத்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்ட் பேனாவால் இரு பாகத்தையும் கடந்து போகும்படி ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் ஒரு பார்வையில் தெரியும். தளர்கிறதே என்று பலம் கொண்டமட்டும் இறுக்கினால், எஃகு ஸ்குரு அலுமினிய மரையை உரித்துவிடும். திருகு தளராமல் பிடிக்கும், நடுத்தர வலிமையுள்ள திரெட்லாக்கர் ஒரு சொட்டும், இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ஸ்குருடிரைவரில் கையேட்டு அளவும் போதும்.

அலுமினிய ஸ்டாக்கிலும் கிரிப் மட்டும் பொதுவாக மரமாகவே வரும். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் கிரிப்பில் மரவேலை உண்டு. இரண்டு பாக எபாக்ஸி புட்டியை உள்ளங்கைக் குழியில் வைத்து, கையுறை போட்டுப் பிடித்து, இறுகியபின் தேய்ப்பது வழக்கம். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் நேராக, 90 டிகிரியில் படும் நிலையில் பிடித்துத்தான் புட்டியை அழுத்த வேண்டும். சும்மா இறுக்கிப் பிடித்து எடுத்த அச்சு விரலைக் கோணலாக்கிவிடும்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். துப்பாக்கி இல்லாமல் நில்லுங்கள், தலை நேராக. பின்பு நீளம், அதாவது பட்பிளேட்டுக்கும் டிரிகருக்கும் உள்ள தூரம். அடுத்து பட்பிளேட்டின் உயரம், அடுத்து தாங்கும் கைக்குரிய கட்டை, அதன்பின் கிரிப், கடைசியில் சீக்பீஸ். சீக்பீஸிலிருந்து ஆரம்பிப்பவர்கள் தலையைத் துப்பாக்கிக்கு வளைத்துக்கொள்கிறார்கள். கழுத்து வளைந்தால் சமநிலை போகும். சரிபார்ப்பு எளிது: கண்ணை மூடி, கன்னத்தை வைத்து, இரண்டு மூச்சு விட்டபின் திறவுங்கள். பின் சைட்டான டயாப்டரின் துளைக்குள் முன் சைட்டின் வளையம் நடுவில் தெரிய வேண்டும். மேலே தெரிந்தால் சீக்பீஸ் உயர்ந்திருக்கிறது, கீழே தெரிந்தால் தாழ்ந்திருக்கிறது. அழுத்தித்தான் நடுவில் கொண்டுவர முடிகிறதென்றால், 60-ஆம் குண்டில் அந்த அழுத்தம் இருக்காது.

எடை வரம்பு 5.5 கிலோ, எல்லா உதிரிகளும் சேர்த்து. முன்பக்கம் எடை ஏற்றினால் பேரல் மெதுவாக அலையும், நல்லதுதான். அதற்கான கூலியை முதுகு கடைசி இருபது குண்டில் கேட்கும். 50 கிராம் துண்டுகளாக ஏற்றிப் பாருங்கள், ஒரே மூச்சில் 300 கிராம் வேண்டாம்.

பெல்லட் தேர்வா, புது பேரலா

பேரல் மோசமென்று சந்தேகம் வந்தால் முதலில் பெல்லட்டைப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே எடை இருந்தாலும் தலை அளவு 4.48-லிருந்து 4.52 மி.மீ. வரை பல வகையில் வருகிறது, தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி குணம் மாறுகிறது. கிளாம்பில் ரைஃபிளைப் பிடித்து, ஒவ்வொரு தொகுதியிலும் 10 குண்டு வீதம் ஐந்து குழு சுடுங்கள். ஐந்து குண்டுக் குழு ஏமாற்றும்; தற்செயலாக எந்தத் தொகுதியும் ஒருமுறை அழகாக விழும். இருபது தொகுதியில் மிகச் சிறியது வென்றதாகத் தோன்றுவதிலும் பாதி அதிர்ஷ்டம் இருக்கிறது. அதனால் முதல் இரண்டை இன்னொரு நாள் மறுபடி சோதித்துவிட்டு, வென்ற தொகுதி எண்ணிலேயே மொத்தமாக வாங்குங்கள். கிளாம்ப் அசையாததா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கிளாம்ப் நெகிழ்ந்த சோதனையில் எல்லாப் பெல்லட்டும் ஒரே மாதிரி மோசமாகத் தெரியும்.

பெல்லட்டைத் தராசில் நிறுத்துப் பிரிப்பதைப் பலர் செய்கிறார்கள். 0.53 கிராம் பெல்லட்டில் 0.01 கிராம் வித்தியாசம் சுமார் 0.3 மி.மீ. உயர மாற்றம் தரும் என்பது உண்மை. ஆனால் நல்ல தொகுதியில் வித்தியாசம் அதில் பாதிகூட வராது. ஒரு மாலை நேரத்தை அதில் செலவழிப்பதற்குப் பதில் பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டுகளைக் கண்ணால் பார்த்து எறிவது மேல்.

புது பேரல் போட்டே ஆக வேண்டிய நிலை எப்போது? வாய்முனை அடிபட்டிருந்தால், அல்லது எஃகுக் குச்சியால் சுத்தம் செய்து உட்புறம் கீறியிருந்தால். சுத்தத்துக்கு ஃபெல்ட் உருண்டைகளைப் பின்பக்கமிருந்து சுடுவதே போதும். சுத்தம் செய்த உடனே விழும் 10–20 குண்டுகளை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், அவை நிலைகொள்வதற்கே போகும்.

சைட்டை உயர்த்துவதா, தலையை இறக்குவதா

சைட்டையே உயர்த்துங்கள். முன்னும் பின்னும் சம உயரக் கட்டைகள் வைத்தால் கழுத்து நிமிரும். "உயரமான சைட்டில் துப்பாக்கி சாய்ந்தால் பிழை பெருகும்" என்று அடிக்கடி கேட்கலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பார்வைக் கோட்டைச் சுற்றிச் சாயும்வரை, பக்கவாட்டுப் பிழை பெல்லட்டின் விழுச்சியை மட்டும் பொறுத்தது. சைட் உயரம் அதில் வருவதே இல்லை. 18 மி.மீ. விழுச்சிக்கு 1 டிகிரி சாய்வு சுமார் 0.3 மி.மீ. பிழை தரும். எப்போதும் ஒரே அளவு சாய்த்துப் பிடித்தால் அதையும் சைட்டில் சரிசெய்துவிடலாம். குண்டுக்குக் குண்டு மாறும் சாய்வுதான் எதிரி.

பேரல் நீட்டிப்புக் குழாய் போட்டால் முன் வளையத்தையும் மாற்ற வேண்டும். இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ. கண்ணிலிருந்து முன் சைட் 95 செ.மீ. தூரத்தில் இருந்தால், அந்த இடத்தில் கறுப்பு 2.9 மி.மீ. அகலமாகத் தெரியும், 4.0 வளையத்தில் இரு பக்கமும் அரை மில்லிக்குச் சற்றே கூடுதலாக வெள்ளை மிஞ்சும். குழாயால் தூரம் 105 செ.மீ. ஆனால் கறுப்பு 3.2 மி.மீ. ஆகிவிடும், அதே வளையம் இறுக்கமாகும். இறுக்கமான வளையம் துல்லியமென்று தோன்றும். ஆனால் கண் வெள்ளையை ஒப்பிடச் சிரமப்பட்டு, தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டே நிற்கும்.

மெக்கானிக்கல் டிரிகரா, எலக்ட்ரானிக் டிரிகரா

எலக்ட்ரானிக் டிரிகரில் விடுபடும் புள்ளி தேய்மானத்தால் மாறாது, வெறுமனே இழுத்துப் பயிற்சி செய்யவும் வசதி. சார்ஜ் தீர்ந்தால் ரைஃபிள் ஊமை. மெக்கானிக்கலில் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் இழுவை மாறும், ஆனால் நாமே சுத்தம் செய்யலாம். இரண்டிலும் புதியவருக்கு இரண்டு கட்ட இழுவைதான் பாதுகாப்பு. மொத்தம் 100 கிராம் என்றால் முதல் கட்டத்துக்கு 60, இரண்டாவதற்கு 40 என்று ஆரம்பிக்கலாம். முதல் கட்டம் முடியும் இடத்திலுள்ள தடையை, அதாவது சுவரை, விரல் தொட்டதை உணர முடியாத அளவுக்கு இலேசாக்கினால், குறிவைக்கும் முன்பே குண்டு போய்விடும்.

சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய ரைஃபிளை எடுத்து அமைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அதன்மேல் தயாரிப்புத் தேதியோ காலாவதித் தேதியோ பொறித்திருக்கும். அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்றுதான் சர்வதேச துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதி வைத்திருக்கிறது. மெதுவாக நிரப்புங்கள், வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியபின் அழுத்தம் குறைந்து காட்டும். இணைப்பு மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றும். காலாவதியான சிலிண்டரை நிரப்பிப் பார்த்துச் சோதிக்காதீர்கள், காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு ஒதுக்கிவையுங்கள்.