பட்டறைக் காதால் கேட்ட 'பிரிட்டிஷ் ஸ்டீல்'

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து இதே தொழில். முடிந்த கொலுசைத் தட்டில் கொட்டும்போது எழும் சத்தத்தை வைத்தே சலங்கை சரியாகப் பேசுகிறதா, எங்கேயாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். அதனால் பாட்டு கேட்டாலும் ராகத்துக்கு முன்னால் அதில் என்ன உலோகம் ஒலிக்கிறது என்றுதான் என் காது போகும்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், "மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்க, உங்க பட்டறைக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 1980 ஏப்ரலில் வந்த ஆல்பம். ஒன்பது பாட்டு, மொத்தம் 36 நிமிடம். அன்றிலிருந்து மூன்று மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது பாட்டு 'மெட்டல் காட்ஸ்'. இரும்பு மனிதர்கள் படையாக நடந்து வருவதைப் பற்றியது. அவசரமே இல்லாத தாளம், ஒவ்வொரு அடியும் தரையில் பதிகிற மாதிரி. பாட்டு முடியப்போகும் நேரத்தில் கால் விழும் இடத்தில் எல்லாம் 'ஜல்ங்' என்று ஒரு சத்தம் சேர்ந்து விழும். எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, இங்கிலீஷ் பாட்டே கேட்டதில்லை. கையில் இருந்த ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது கரண்டி ஸ்பூன் போட்ட தட்டு. கல்யாண மண்டபத்துல கழுவற இடத்துல கேக்கும் பாருங்க, அது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் தேடிப் படித்தால், அவர் சொன்னதுதான் சரி. ஸ்பூனும் ஃபோர்க்கும் நிறைந்த தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் அந்தக் காலடிச் சத்தத்தை எடுத்திருக்கிறார்கள்.

ரெடிமேட் சத்தத்தை எடுத்து ஒட்டும் வசதி அன்றைக்கு அவர்கள் கையில் இல்லை. 'பிரேக்கிங் தி லா' பாட்டின் நடுவில் கண்ணாடி நொறுங்குவது நிஜமான பால் பாட்டில்கள். அதிலேயே வரும் போலீஸ் சைரன், குழுவின் கிட்டாரிஸ்ட் கே.கே. டவுனிங் தன் கிட்டாரிலேயே இருக்கும் நெம்புகோலால் கம்பியைத் தளர்த்தி இழுத்து உண்டாக்கியது. பதிவு நடந்த இடம் இங்கிலாந்தில் ஆஸ்காட் பக்கத்தில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருக்குச் சொந்தமான பெரிய வீடு. தயாரிப்பாளர் டாம் ஆலம். அந்த வீட்டுக்குள் நாலைந்து பேர் தட்டையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு எதைப் போட்டால் எப்படி ஒலிக்கும் என்று பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு அவர்களைப் பிடித்துப் போய்விட்டது. கைவேலை என்றால் அதுதான்.

குழுவே இரும்பு ஊரில் பிறந்தது. 1969இல் பர்மிங்காமில் தொடங்கினார்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வளர்ந்தது பக்கத்து வால்சாலில், இரும்பு வார்ப்பாலைகளுக்கு நடுவே. இன்னொரு கிட்டாரிஸ்ட் கிளென் டிப்டன், பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற உருக்கு நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அதனால் ஆல்பத்தின் பெயர் வெறும் கெத்துக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆல்பம் தயாரான அந்தக் குளிர்காலத்தில்தான், 1980 ஜனவரியில், அங்கே உருக்காலைத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கி மூன்று மாதம் நின்றார்கள். ஒன்றாக நிற்போம் என்று பாடும் 'யுனைடெட்' பாட்டைக் கேட்கும்போது அது நினைவுக்கு வரும். அடுத்த வருஷம், 1981இல், நம் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை ஓட ஆரம்பித்தது. அந்த ஆலையை நம்பி வாழும் குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு உண்டு. ஆலையைத் தனியாருக்கு விடக்கூடாது என்று அவர்கள் வாசலில் உட்கார்ந்ததை நான் நேரில் பார்த்தவன்.

சரி, பாட்டாகப் பார்த்தால் அந்த 'யுனைடெட்' சுமார்தான். கூட்டம் சேர்ந்து பாடட்டும் என்று போட்டிருக்கிறார்கள், நாலு தடவைக்கு மேல் தாங்கவில்லை. 'யூ டோன்ட் ஹாவ் டு பி ஓல்ட் டு பி வைஸ்' அதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனாலும் நீளம். 'லிவிங் ஆஃப்டர் மிட்நைட்' எல்லோருக்கும் பிடிக்கும், வீட்டில் எதிர்ப்பு வராத ஒரே பாட்டும் அதுதான்.

'பிரேக்கிங் தி லா' இரண்டரை நிமிடம்தான். வேலை இல்லாமல் ஊரைச் சுற்றும் ஒருவனின் பொருமல். தனி கிட்டார் வாசிப்பே இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். இந்த அளவுதான் ஆல்பம் முழுக்க எனக்குப் பிடித்தது. டவுனிங், டிப்டன் இருவருமே பெரிய வித்தைக்காரர்கள், ஆனாலும் ஒரு கம்பி கூடுதலாகச் சுற்றவில்லை. எங்கள் தொழிலில் கிராம் கூடினால் வியாபாரி திருப்பிக் கொடுத்துவிடுவான், எனக்கு அந்தக் கணக்கு புரியும். டேவ் ஹாலண்டின் டிரம்ஸும் அப்படித்தான், அலங்காரம் இல்லாத சம்மட்டி அடி. 'தி ரேஜ்' பாட்டின் தொடக்கத்தில் மட்டும் இயன் ஹில்லின் பேஸ் கிட்டார் தனியாக முன்னால் வந்து கொஞ்ச நேரம் உலாவும். அதை இயர்போனில்தான் கேட்க வேண்டும், பட்டறை இரைச்சலில் எனக்கு ஒரு வாரம் காதில் விழவே இல்லை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய அமெரிக்கப் பதிப்பில் பாட்டுகளின் வரிசை வேறு, 'பிரேக்கிங் தி லா' முதலில் வரும். இங்கிலாந்து வரிசையில் கேளுங்கள். 'ரேபிட் ஃபயர்' எடுத்த எடுப்பில் அடித்து நொறுக்கிவிட்டுப் போன பிறகு 'மெட்டல் காட்ஸ்' நிதானமாக நடந்து வந்தால்தான் அந்தக் கனம் தெரியும். போன ஞாயிறு ஏற்காட்டுக்கு காரில் போனபோது அடிவாரத்தில் போட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அதோடுதான் ஏறினோம்.

மேஸ்திரியிடம் அந்தத் தட்டு விஷயம் உண்மைதான் என்று சொன்னதும் இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுக்கொண்டே மெருகு போட்டு வைத்திருந்த கொலுசுத் தட்டைத் தூக்கி மேஜையில் ஒரு போடு போட்டார். தலையை ஆட்டினார். "வெள்ளிக்கு இந்தக் கனம் வராது தம்பி, இரும்புக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.