தமாக்சிஃபெனா, லெட்ரோசோலா?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வந்து இணையும் செல் புரதம்) உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பலரும், குறைந்தது 5 ஆண்டுகள் விழுங்க வேண்டிய மாத்திரை எது என்று தடுமாறுகிறார்கள்.

செயல்படும் விதம்: ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு இணைந்ததும், அந்த இணை டிஎன்ஏவைப் பற்றி, செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. தமாக்சிஃபென் அந்த ஏற்பியில் தானே அமர்ந்து, மார்பகச் செல்லில் அம்மரபணுக்களின் வெளிப்பாட்டை அடக்குகிறது. லெட்ரோசோலோ ஏற்பியைத் தொடுவதே இல்லை, அரோமட்டேஸ் நொதியைத் தடுத்து ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கிறது.

மாதவிடாய்: தமாக்சிஃபெனை மாதவிடாய் நின்றவரும் நிற்காதவரும் எடுக்கலாம். சினைப்பை இயங்கும் பெண்ணுக்கு லெட்ரோசோல் மட்டும் போதாது, சினைப்பையை அடக்கும் ஊசியும் வேண்டும்.

பக்கவிளைவு: தமாக்சிஃபென் இரட்டை வேடக்காரர், மாதவிடாய் நின்றவரின் எலும்பைக் காக்கும் அதே மருந்து, கருப்பை உட்சவ்வுப் புற்றுக்கும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவதற்குமான ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது. லெட்ரோசோலில் மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும்.

அளவு: முன்னது நாளுக்கு 20 மி.கி., பின்னது 2.5 மி.கி.

மாதவிடாய் நின்றவர்களுக்கு, நோய் திரும்புவதைத் தடுப்பதில் சற்று மேலான லெட்ரோசோலே என் பார்வையில் முதல் தேர்வு. எலும்பு ஏற்கெனவே மெலிந்தவருக்கும், மாதவிடாய் நிற்காத, நோய் திரும்பும் ஆபத்து குறைந்த பெண்ணுக்கும் தமாக்சிஃபென் பொருந்தும். ஆனால் மனச்சோர்வுக்குப் பராக்ஸெடின் எடுப்பவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் தமாக்சிஃபெனைக் கல்லீரல் வீரியமுள்ள வடிவாக மாற்றுவதை அது தடுக்கிறது.