ரயில் பாதைப் பணிக்குப் பாதுகாப்புக் காலணி: ஒரு பழகுநரின் மதிப்புரை

பாதுகாப்புக் காலணி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் தட்டிக் காட்டுவது அதன் இரும்பு முனையைத்தான். ரயில் பாதைப் பராமரிப்பில் பழகுநராக வேலை கற்றுவரும் என்னைக் கேட்டால், அந்த முனை காலணியின் மதிப்பில் பாதிகூட இல்லை என்பேன். இந்த வேலையில் காலைக் காப்பாற்றுவது அடிப்பாகமும் கணுக்காலைச் சுற்றிவரும் பட்டையும்தான். மதுரை மேற்கு வெளி வீதிக்கு அருகிலுள்ள ஒரு கடையில் நான் வாங்கியது, பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 15298-இன் முத்திரையும் எஸ்1 என்ற குறியும் உள்ள, கணுக்காலை மூடும் தோல் காலணி. அடிப்பாகம் பி.யு. (பாலியூரித்தேன்) என்ற பிளாஸ்டிக் வகை; விலை ஆயிரத்துச் சொச்சம்.

முனையில் குறையில்லை. தரக்குறிப்பின்படி அது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். கடப்பாரை நழுவினாலும், தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட் கைதவறினாலும் விரல்கள் தப்பிவிடும். தண்டவாளத்தைத் தாங்கும், 250 கிலோவைத் தாண்டும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைக்கு முன்னால் எந்த முனையும் செல்லாது.

ஜல்லியில் இறங்கிய பிறகுதான் காலணியின் உண்மை தெரிகிறது. பாதையில் கொட்டப்படும் கல் 65 மி.மீ. அளவில், இயந்திரத்தில் உடைத்துக் கூர்மையான முனைகளோடு வருவது. உருண்டைக் கல்லாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாதையைத் தாங்காது என்பதால் அந்தக் கூர்மை தேவைப்படுகிறது, ஆனால் அதன் மேல் நடப்பவருக்கு அதுவே தொல்லை. ஸ்லீப்பரின் மேல் கால் வைத்து நடக்கலாம் என்றால், கிலோமீட்டருக்கு 1660 என்ற கணக்கில் அவை ஏறத்தாழ 60 செ.மீ. இடைவெளியில் கிடக்கின்றன, ஒவ்வொன்றாக மிதித்தால் நடை குறுகிவிடும், ஒன்றுவிட்டு ஒன்று மிதித்தால் தாவ வேண்டும். "தம்பி, கட்டைய நம்பாத, காலு எங்க விழுதுன்னு பாத்து நட" என்று, பாதையை நடந்து சோதிக்கும் எங்கள் கீமேன் அண்ணன் சொல்வார். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் வளைவுகளில் ஒரு தண்டவாளம் மற்றொன்றைவிட உயர்ந்திருப்பதால், பாதம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறங்குகிறது. அங்கே இந்தக் காலணியின் உயர்ந்த பட்டை கணுக்காலை இறுகப் பிடித்து, சுளுக்கு விழாமல் காக்கிறது; தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும்போது தெறித்து வருவதையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் எஸ்1 வகையில் அடிப்பாகத்துக்குள் தகடு கிடையாது. மாலைக்குள் ஒவ்வொரு கல்லின் முனையும் உள்ளங்காலில் தெரியும். எஸ்1பி என்று குறியிட்ட வகையில் தகடு உண்டு. அது சற்று விறைப்பாக இருக்கும், விலையும் கூடும். நாள் முழுக்க ஜல்லியில் நிற்பவர் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

கோடையில் காற்றின் வெப்பத்தைவிடத் தண்டவாளத்தின் வெப்பம் 20 டிகிரி வரை கூட ஏறலாம். அதற்கு பி.யு. அடிப்பாகம் தாங்குகிறது. உருகிய இரும்பை ஊற்றித் தண்டவாளங்களை ஒட்டும் தெர்மிட் வெல்டிங் நடக்கும் இடத்தில் தாங்காது. அங்கே உருகி வழியும் இரும்பின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும், சிதறும் ஒரு பொட்டு போதும், பி.யு. உருகிக் குழி விழுந்துவிடும். வெல்டிங் குழுவில் இருப்பவருக்கு நைட்ரைல் ரப்பர் அடிப்பாகமே ஏற்றது. மார்கழி அதிகாலையில் பாலத்து இரும்புத் தகடுகளில் பனி படிந்திருக்கும்போது இந்தக் காலணி வழுக்கவும் செய்கிறது.

கடைக்காரர் சொன்ன ஒன்றை மட்டும் யாரும் நம்ப வேண்டாம்: "இது போட்டா கரண்ட் ஷாக் அடிக்காது." எஸ்1 குறி காட்டுவது நிலைமின்னைத் தரைக்குக் கடத்திவிடும் தன்மையை, அது மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு அன்று. பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். நீளமான கம்பியையோ ஏணியையோ தூக்கிச் செல்லும்போதுகூட 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி; எந்தக் காலணியும் அந்த இடைவெளிக்கு ஈடாகாது. விற்பனைக்காக இப்படிப் பேசுவது ஆபத்தானது.

கயிறும் கவலை தருகிறது. முடிச்சின் வளையம் நீளமாகத் தொங்கினால் கிளிப்பின் வளைவில் சிக்கிக்கொள்ளும். வண்டி வருகிறது என்று விசில் கேட்டு ஒதுங்க வேண்டிய நேரத்தில் அது கூடாது. ஆகவே நான் முடிச்சைக் காலணிக்குள் செருகிவிடுகிறேன். ஜல்லி உரசி உரசிக் கயிறும் சீக்கிரம் பிய்ந்தது. பெட்டியில் மாற்றுக் கயிறு வைத்திருக்கலாம்.

கடையின் சேவையைப் பாராட்டவும் இடமுண்டு. தடித்த காலுறையோடு அணிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பார்க்க விட்டார்கள். குனிந்து வேலை செய்யும்போது முனையின் பின்விளிம்பு விரல் மூட்டை அழுத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். எனக்கு வழக்கமான அளவைவிட ஒரு எண் பெரிதாகத் தேவைப்பட்டது. பொருளைப் பார்வையிட வருபவர்களுக்கும், கேட் அருகே சமதரையில் வேலை செய்பவர்களுக்கும் இந்தக் காலணி போதும். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கும் பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள் இதே கடையில் எஸ்1பி வகை வரும்வரை காத்திருக்கலாம். நான் கேட்ட அன்று என் அளவில் அது இல்லை, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.