அம்மாவிடம் முதலிலா, இருவரிடமும் ஒன்றாகவா?

காதலிப்பவரைப் பற்றி அம்மாவிடம் மட்டும் முதலில் சொன்னால் அழுகை, "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்ற புலம்பல் எல்லாம் நடக்கும், அப்புறம் அவரே மெதுவாக என்ன படிப்பு, என்ன வேலை, குடும்பம் எப்படி என்று துருவ ஆரம்பிப்பார், அது பாதி சம்மதம். சிக்கல் என்னவென்றால் ரகசியம் தங்காது. அத்தை காதுக்குப் போய் அங்கிருந்து அப்பாவிடம் வந்து சேர்ந்தால், காதல்கூட இரண்டாம் பட்சமாகிவிடும், "எனக்குத்தான் கடைசியாகத் தெரியணுமா" என்பதே பெரிய குற்றம். அந்தக் கோபம் லேசில் ஆறாது.

இருவரையும் உட்காரவைத்துச் சொல்வது நேர்மையான வழிதான். ஆனால் ஒருவர் எதிரில் இன்னொருவர் இறங்கிவர மாட்டார். "எல்லாம் நீ கொடுத்த செல்லம்" என்று சண்டை அவர்களுக்குள் திரும்பி, பழைய கணக்கெல்லாம் வெளியே வரும், நீங்கள் சொல்ல வந்த ஆளின் பெயரைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் (சிரிக்காதீர்கள், அன்றைக்குத் தப்பிக்க இது வசதிதான்).

என் ஓட்டு முதல் வழிக்கு. ஆனால் அத்தைக்கு முன்னால் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும். அப்பா சாது, அம்மாதான் புயல் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.