'ஹார்மோன் பேலன்ஸ்' என்று சொல்லி அம்மாவின் இரண்டு மாதப் பென்ஷனைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்!

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது அம்மாவின் இரண்டு மாதப் பென்ஷன். பணத்தோடு நேரமும் போனதுதான் தாங்க முடியவில்லை. மாதவிடாய் நின்று பல வருடம் ஆன அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால் முழுதும் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 66. இந்த வயதில் தாடையில் ஒன்றிரண்டு முடி முளைப்பது சகஜம்தான். ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடுகிறது, ஆனால் சினைப்பையும் சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரீனல் சுரப்பியும் ஆண் ஹார்மோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அம்மாவுக்கு வந்தது அந்தக் கணக்கில் சேராது. சில மாதங்களுக்குள் கறுப்பாக, முரட்டு முடியாக, இன்று பிடுங்கினால் நாளை நெருடுகிற அளவுக்கு வந்துவிட்டது. நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிப்போய் ஆண்களுக்கு விழுவதுபோல வழுக்கை. குரல் தடித்து, எங்காவது போன் போட்டால் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். அம்மா திருத்துவதில்லை. வேலையை முடித்துக்கொண்டு வைத்துவிடுவார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ட்வீசரோடு நிற்பதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

சொன்னது யாரிடம் தெரியுமா? நடுவயது தாண்டிய பெண்களுக்கான ஹார்மோன் நலம் என்று விளம்பரம் போடுகிற ஒரு ஆன்லைன் தளத்தின் 'ஆலோசகரிடம்'. (பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப மட்டும் அவர்களுக்கு ஆள் இருக்கும்.) விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்ததும் போன் வந்திருக்கிறது. "வெட்கப்படாதீங்கம்மா, எனக்கும் இருந்துச்சு. காலைல கண்ணாடி முன்னாடி நிக்கவே பிடிக்காது, இல்ல?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், அம்மா உடைந்து அழுதுவிட்டார். யாரிடமும் சொல்லாத அத்தனையையும் அவளிடம் கொட்டியிருக்கிறார். அவளும் அவசரப்படுத்தவில்லை, பொறுமையாகக் கேட்டிருக்கிறாள், நடுநடுவே "அம்மா, நீங்க என் அம்மா மாதிரி" வேறு. அந்த அழுகையின் ஈரம் காய்வதற்குள் கார்டு நம்பரையும் ஓடிபியையும் வாங்கிவிட்டாள். இரண்டு மாதப் பென்ஷன், ஒரே தவணையில்.

அப்புறம் எச்சில் பரிசோதனைக் கிட் வந்தது. ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் (முக்கியமான ஆண் ஹார்மோன்) சிவப்புக் கட்டத்தில். "வயசுக்கு இது சாதாரணம், நம்ம கேப்சூல்ல சரியாயிடும்" என்றாள். பெண்களின் உடலில் இருக்கிற சொற்ப அளவை எச்சிலில் அளந்து முடிவெடுக்க முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், அதிலும் மூலக்கூறின் எடையை வைத்து அளக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறைதான் நம்பகமானது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

கேப்சூல் ஆரம்பித்த பிறகு முடி கூடியது, முகத்தில் பரு வந்தது. கேட்டதற்கு "உள்ளே இருக்கற நச்செல்லாம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று பதில். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 16 தாண்டியிருந்தது. அதை அனுப்பினால் "பாத்தீங்களா, ரத்தம் ஊறுது!" டெஸ்டோஸ்டிரோன் அதிகமானால் சிவப்பணு பெருகும் என்பது அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் சொன்னாளா?

ஹார்மோன் டாக்டரிடம் போனபோது அவர் முதலில் அந்த பாட்டிலைத்தான் வாங்கிப் பார்த்தார். பின்பக்கம், நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில், டிஹெச்இஏ என்று இருந்தது. உடம்புக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள் அது! டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று சொன்னவர்களே அதற்கான மூலப்பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே பயோட்டின் என்ற வைட்டமின் வேறு, பெரிய அளவில். அது சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தப்பாகக் காட்ட வைக்குமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுத்தி, சில வாரம் காத்திருந்து, ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் 238 நானோகிராம். பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 50, 60-ஐத் தாண்டாது, ஆண்களுக்கே ஏறக்குறைய 300-ல்தான் ஆரம்பிக்கிறது. இந்த வயதில் 150-ஐத் தாண்டினாலே கட்டி இருக்கிறதா என்று தேடுவார்களாம். கேப்சூலை நிறுத்தியதும் டிஹெச்இஏ சல்பேட் (பெரும்பாலும் அட்ரீனலில் சுரப்பது) சரியான அளவுக்கு இறங்கிவிட்டது, அட்ரீனல் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆக, சந்தேகம் சினைப்பை மேல். ஸ்கேனில் வலது பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த வகைக் கட்டி ஸ்கேனில் சிக்காத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம், கட்டியே இல்லாமல் சினைப்பைத் திசு தடித்து அளவுக்கு மீறிச் சுரக்கவும் செய்யலாம் (ஹைப்பர்தெக்கோசிஸ் என்றார்). பெரும்பாலும் புற்றாக இருக்காது என்று தைரியம் சொன்னார். லேப்ராஸ்கோப்பியில் இரண்டு சினைப்பையையும் எடுக்க அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அளவு இறங்கினால் முடி குறையும். குரல்? "ஒரு தடவை தடிச்சா பெரும்பாலும் பழையபடி ஆகாது" என்று டாக்டர் சொன்னபோது அம்மா தலையாட்டிக்கொண்டார். எனக்குத்தான் அந்த ஆலோசகர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆரம்பத்திலேயே "இது வயசால வர்றது இல்லம்மா, டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை தனி. ஆலோசகர் நம்பர் "தற்போது உபயோகத்தில் இல்லை". சாட்டில் எழுதினால் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று தானாக ஒரு பதில், அதோடு ஒரு பூ. மறுபடி எழுதினால், சீல் உடைத்த பாட்டிலுக்குப் பணம் கிடையாதாம். சீல் உடைக்காமல் எப்படி விழுங்குவது? மேலாளர் என்று ஒருவர் வந்து, "நாங்க மருந்து விக்கல மேடம், உணவுத் துணைப்பொருள்தான், டாக்டரைப் பாக்க வேண்டாம்னு எங்கயும் எழுதலயே" என்றார். எழுதவில்லைதான், வாயால் சொன்னார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பினேன். "விரைவில் குணமடைய வாழ்த்துகள்", கூடவே அடுத்த பேக்கேஜுக்குத் தள்ளுபடிக் கூப்பன்! அம்மாவின் இரண்டு மாதப் பென்ஷனை வாங்கிக்கொண்டு கூப்பன் அனுப்புகிறார்கள்.

விவரமாக எழுதுவேன் என்றேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முடி, வழுக்கை, குரல் மாற்றம் மூன்றும் சில மாதத்துக்குள் வேகமாக வந்தால் வயதின் மேல் பழி போடாமல் நேராக ஹார்மோன் டாக்டரிடம் போங்கள். சாப்பிடுகிற கேப்சூல், கம்மி மிட்டாய் எல்லாவற்றின் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் ஆண்கள் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிக்கொண்டால் அதையும் சொல்லுங்கள், தோல் பட்டு ஒட்டும். இந்த மாதிரி தளங்களுக்குக் கார்டு கொடுத்திருந்தால் ஆட்டோ டெபிட்டை இன்றே நிறுத்துங்கள், எங்களுக்கு அடுத்த பேக்கேஜுக்குப் பணம் பிடிக்கப்போவதாக இன்று காலையில்தான் மெசேஜ் வந்தது.