ஐரிஷ் பாட்டியைத் தேடியபோது உதவிய தளங்கள்: காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் மாமியாருக்கு 78 வயது. பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டி பிரிட்ஜெட் சல்லிவன் அயர்லாந்திலிருந்து வந்தவர், ஊர் கெர்ரி. வீட்டில் தெரிந்த சேதி அவ்வளவுதான். கெர்ரி என்பது ஒரு ஊரே இல்லை, ஒரு மாவட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்கிற மாதிரி. மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னபோது, என் பக்கம் அப்பாவுக்கு ஒரு போன் போட்டதும் நாலு தலைமுறை வந்துவிட்டது. கணவர் பக்கம் இந்தப் பாட்டியோடு நின்றுபோனது. சரி, தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தது எட்டு மாதம் இழுத்துவிட்டது.

முதலில் ஒரு கட்டணத் தளத்தில் ஒரு வருடச் சந்தா கட்டினேன். பெயரைப் போட்டதுமே யாரோ போட்டு வைத்த குடும்ப மரத்தைக் காட்டி, இவர்தான் உங்கள் பாட்டி என்றது. நம்பி இரண்டு வாரம் அந்தக் கிளையிலேயே போனேன். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் கார்க் மாவட்டம், கல்யாணமே ஆகாமல் இறந்தவர். எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு ஆவணமும் அங்கே இல்லை. சந்தாவும் என்னைக் கேட்காமலே அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டது.

அப்புறம்தான் அயர்லாந்து அரசே நடத்தும் ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ தளத்துக்கு வந்தேன். முழுக்க இலவசம். 1864 முதலான பிறப்புப் பதிவேட்டுப் பக்கங்களையே படமாகப் போட்டிருக்கிறார்கள். பிறப்பென்றால் 100 வருடம், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் கையில் ஒன்றுமில்லாமல் இங்கே போகாதீர்கள். கெர்ரியில் சல்லிவன் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும், அதில் பாதி பிரிட்ஜெட்டும் மேரியும்தான்.

அமெரிக்கப் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி. மாசசூசெட்ஸ் திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயரும் இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து பாட்டியின் 1899 திருமணத்தை எடுத்தேன். அப்பா பெயரோடு, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கிடைத்தது. அதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டு, ஐரிஷ்ஜீனியாலஜி தளத்துக்குத் திரும்பி, வயதுக்குப் பொருந்துகிற ஒவ்வொரு பிரிட்ஜெட்டின் பதிவையும் திறந்து தாயார் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று இரவு. முப்பத்தோராவது பதிவில் இரண்டு பெயரும் பொருந்தின. பக்கத்துக் கட்டத்தில் டவுன்லேண்டின் பெயர் இருந்தது. டவுன்லேண்ட் என்றால் பட்டணம் இல்லை, நாலைந்து வீடும் கொஞ்சம் நிலமும் சேர்ந்த குக்கிராமம் மாதிரி. அயர்லாந்தில் 60,000க்கு மேல் இருக்கின்றன. அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதே தளத்தில் கெர்ரியின் தேவாலயப் பதிவுகளும் உண்டு. அதில் பாட்டியின் ஞானஸ்நானம் பிப்ரவரி 3. அரசுப் பதிவிலோ பிறந்ததே பிப்ரவரி 20! வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் உண்மையில் பிறந்ததற்குப் பிந்தைய ஒரு தேதியைச் சொல்வது அங்கே சகஜம். தேவாலயத் தேதியைத்தான் நம்ப வேண்டும். கெர்ரி இல்லாமல் வேறு மாவட்டமென்றால், அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் வெளியிட்ட கத்தோலிக்கப் பதிவேட்டுப் படங்களைப் பாருங்கள். இலவசம்தான், ஆனால் பெயரைப் போட்டுத் தேட முடியாது, எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி, பாரிஷ்) என்று தெரிந்துகொண்டு பக்கத்தைப் புரட்ட வேண்டும். பல இடங்களில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ்.

அயர்லாந்தில் எல்லாம் எரிந்துபோச்சு, தேடிப் பயனில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், என் கணவரும் சொன்னார். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி அதில்தான் போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. ஆனால் பிறப்பு, திருமணப் பதிவுகளும் பங்குகளிலேயே இருந்த கத்தோலிக்கப் பதிவேடுகளும் தப்பிவிட்டன.

1901, 1911 கணக்கெடுப்பு முழுதாக இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட அசல் படிவத்தையே திறந்து பார்க்கலாம். கையெழுத்து வராதவர்களுக்குப் பெருக்கல் குறி. எங்கள் படிவத்தில் பெருக்கல் குறிதான். மொழி என்ற இடத்தில் ஐரிஷும் ஆங்கிலமும். வீட்டைப் பற்றித் தனிப் படிவம்: சுவருக்கு 1 என்றால் கல், கூரைக்கு 0 என்றால் ஓலையோ வைக்கோலோ வேய்ந்தது. பாட்டியின் அப்பாவுக்கு 1901இல் 58 வயது, 1911இல் 76. பத்து வருடத்தில் பதினெட்டு வயது ஏறியிருக்கிறது. 70 வயதானவர்களுக்கு 1909இல் ஓய்வூதியம் வந்ததுதான் காரணம், பல வீடுகளில் இதே கதை. அதனால் வயதை வைத்து ஆளைக் கழித்துவிடாதீர்கள்.

1911 படிவத்தில் இன்னொரு கேள்வி உண்டு: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. எங்கள் படிவத்தில் 10, 7. மாமியார் தனக்குத் தெரிந்த பெயர்களை விரல்விட்டு எண்ணினார். ஆறு வந்தது. ஏழாவது விரலை மடக்கிவிட்டு, "இது எங்க பாட்டிதான்" என்றார். மீதி மூன்று குழந்தைகளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லையாம்.

கப்பல் விவரம் வேண்டுமென்றால் ஒரு விஷயம்: எல்லிஸ் தீவு 1892இல் திறந்த நியூயார்க் குடியேற்ற நிலையம், பாஸ்டனில் இறங்கியவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அதைவிட, பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்களை பாஸ்டன் கல்லூரி இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி. ஊர், பங்கு எல்லாம் எழுதியிருப்பார்கள். எங்கள் குடும்பம் அதில் இல்லை, இருந்தாலும் ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

டப்ளின் போகிறவர்கள் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்தின் வம்சாவளி ஆலோசனைப் பிரிவுக்குப் போய்வாருங்கள். அதுவும் இலவசம். டவுன்லேண்ட் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.